மறதிநோய் ஆராய்ச்சிக்கு மூளை ஸ்கேன்: வீட்டுப் பெரியவரை அழைத்துப் போகும் முன்

அப்பாவுக்கு ஒரே ஒரு எம்.ஆர்.ஐ எடுத்து முடிக்க மூன்று நாள் போய் வந்தோம். முதல் நாள் மெஷின் அறை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் நாள் உள்ளே போனார், அசைந்துவிட்டார், படம் கலங்கிவிட்டது. மூன்றாம் நாள்தான் சரியாக வந்தது. கதிரியக்க மருந்தை ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேனுக்கு இன்னும் இரண்டு நடை. இந்த அலைச்சலில் பெரும்பகுதியை யாராவது முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கலாம். அந்த நாலு வார்த்தையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மறதிநோயின் மிகப் பரவலான வகையான அல்சைமர் பற்றிய ஆய்வுகள் இப்போது நம் வீட்டுப் பெரியவர்களைப் போன்றவர்களைத் தேடி வருகின்றன. 2004-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.டி.என்.ஐ என்ற ஆய்வின் படங்களை வைத்துத்தான் இந்தத் துறையில் ஏராளமான அளவுகோல்கள் உருவாயின. அதில் முதலில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்கள். சராசரியாக 16 ஆண்டுகள் அளவுக்குப் படித்தவர்கள். ஆனால் மறதிநோயோடு வாழ்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் இருப்பது குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் அப்பா எட்டாம் வகுப்புவரை படித்து 35 வருடம் லேத் பட்டறையில் நின்றவர். அவருடைய மூளை வயதுக்கு மீறிச் சுருங்கியிருக்கிறதா என்று யாரோடு ஒப்பிட்டுச் சொல்வது? ஏ.டி.என்.ஐ-யே தன் நான்காம் கட்டத்தில், புதிதாகச் சேர்ப்பவர்களில் பாதிக்குக் குறையாமல் இதுவரை விடுபட்ட பிரிவினர் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையம் கர்நாடகத்தின் ஸ்ரீநிவாசபுரா பகுதிக் கிராம மக்களை வைத்து ஒரு நீண்டகால ஆய்வு நடத்துகிறது. எனவே உங்களுக்கும் ஒரு அழைப்பு வரலாம். வந்தால் தயங்காமல் போங்கள். ஆனால் தயாராகப் போங்கள்.

1. இது ஆய்வு, வைத்தியம் இல்லை என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்

முதலில் தீர்க்க வேண்டிய குழப்பம் இதுதான். மருத்துவமனைக் கட்டடம், வெள்ளை கோட், ஊசி எல்லாம் இருப்பதால் பெரியவர்கள் வைத்தியத்துக்குப் போகிறோம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அப்பா இரண்டு மாதம் கழித்து, "மாத்திரை எப்ப தருவாங்க?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு கனத்துப் போனது. இங்கே மாத்திரை கிடையாது. படம் எடுப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், ஒன்றிரண்டு வருடம் கழித்து மறுபடி கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். மறதி ஏற்கெனவே தொந்தரவு தரும் அளவில் இருந்தால் நரம்பியல் மருத்துவரைத் தனியாகப் பாருங்கள். ஆய்வில் சேர்ந்தாயிற்று என்று அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

2. போனிலேயே கேட்டுவிட வேண்டியவை

ஆய்வு ஒருங்கிணைப்பாளர் கூப்பிடும்போது பேனாவும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும். ஆய்வு நாட்டின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருந்தால் அந்த எண்ணையும், நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த விவரத்தையும் கேளுங்கள். ஒழுங்காக நடக்கும் இடம் இதற்கெல்லாம் முகம் சுளிக்காது. எத்தனை முறை வர வேண்டும், எந்தெந்த ஸ்கேன், முதுகுத்தண்டில் நீர் எடுப்பது உண்டா, உண்டென்றால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கிறதா, எந்த மொழியில் பேசுவார்கள், முடிவைச் சொல்வார்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் ஒருமுறை அனுப்பச் சொல்லுங்கள். போனில் "பார்த்துக்கலாம்" என்று சொன்னது, நேரில் போனபோது இல்லவே இல்லை என்று ஆனது எங்கள் அனுபவம்.

3. கூட வருபவர் யார் என்று முடிவு செய்யுங்கள்

இந்த ஆய்வுகளில் பலவற்றுக்கு ஆள் மட்டும் போதாது, அவரை நன்றாக அறிந்த இன்னொருவரும் பதிவாக வேண்டும். வாரத்துக்கு 10 மணி நேரமாவது அவரோடு இருப்பவர் வேண்டும் என்று ஏ.டி.என்.ஐ போன்ற ஆய்வுகள் கேட்கின்றன. அவரிடம் தனியாக உட்கார்ந்து விசாரிப்பார்கள்: பணத்தை எண்ணிக் கொடுக்கிறாரா, வழி தவறுகிறாரா, சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா என்று.

நாங்கள் செய்த தவறு, கார் ஓட்டத் தெரிந்தவர் என்பதற்காக என் அண்ணன் பெயரைக் கொடுத்தது. அண்ணன் அப்பாவைப் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமை மட்டும். கேட்ட பாதிக் கேள்விக்கு "நல்லாத்தான் இருக்கார்" என்றார். அம்மாவைக் கூட்டிப் போயிருந்தால், அடுப்பை அணைக்க மறந்தது முதல் எல்லாம் வந்திருக்கும். பிறகு பெயரை மாற்ற மறுபடி படிவம், மறுபடி ஒரு நாள். கூட இருப்பவர் பெயரைக் கொடுங்கள். வண்டி ஓட்ட வேறொருவர் வரட்டும்.

4. ஒரே கோப்பில் எல்லாக் காகிதமும்

அடையாள அட்டை. இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளும் அளவோடு (மருந்துச் சீட்டு பழையதாக இருக்கும், அட்டைகளை எடுத்து வைத்துப் பார்த்து எழுதுங்கள்). இதுவரை நடந்த எல்லா அறுவை சிகிச்சைகளின் டிஸ்சார்ஜ் சுருக்கம். உடம்பில் ஸ்டென்ட், பேஸ்மேக்கர், மூட்டு, கிளிப் எது வைத்திருந்தாலும் அதன் கம்பெனி பெயரும் மாடல் எண்ணும் உள்ள அட்டை. முன்பு தலையில் ஸ்கேன் எடுத்திருந்தால் அதன் சி.டி. சிறுநீரக, சர்க்கரைப் பரிசோதனை முடிவுகள்.

அந்த உள்வைப்பு அட்டையைத் தேடத்தான் நாள் பிடிக்கும். தொலைந்திருந்தால் அறுவை சிகிச்சை நடந்த இடத்தின் ஆவணப் பிரிவில் எழுதிக் கேட்க வேண்டும். எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. முதல் போன் வந்த அன்றே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

சிறுநீரக முடிவு எதற்கு என்று நானும் யோசித்தேன். இப்போது பல ஆய்வுகள் அல்சைமரில் மூளையில் சேரும் டாவ் என்ற புரதத்தை ரத்தத்தில் அளந்து பார்க்கின்றன. சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு மூளையில் மாற்றம் இல்லாமலேயே அந்த அளவு கூடித் தெரியலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நிறைந்த குடும்பங்களுக்கு இது முக்கியமான தகவல். மறைக்காமல் சொல்லுங்கள்.

5. ஒப்புதல் படிவத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள்

இருபது, முப்பது பக்கம் இருக்கும். உங்கள் மொழியில் கேளுங்கள். இல்லையென்றால் மொழிபெயர்ப்பாளர் வைத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுப் பிள்ளைகளே மொழிபெயர்ப்பது வசதி என்று தோன்றும். ஆனால் நாம் அப்பாவைப் பயமுறுத்தக் கூடாது என்று பாதியை விழுங்கிவிடுவோம். நான் விழுங்கினேன். கதிர்வீச்சு பற்றிய பத்தியைத் தாண்டிப் போய்விட்டேன். ஊசி போடும் நாளில் அவரே கேட்டுத் தெரிந்துகொண்டு என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

வீட்டுக்கு எடுத்துப் போய் நான்கு இடங்களில் கோடு போட்டுப் படியுங்கள். ஒன்று, எப்போது வேண்டுமானாலும் விலகலாமா, விலகினால் ஏற்கெனவே எடுத்த படங்கள் என்ன ஆகும். இரண்டு, படங்கள் யாரோடு பகிரப்படும். தலை எம்.ஆர்.ஐ-யிலிருந்து முகத்தையே மறுபடி உருவாக்கிவிட முடியும் என்பதால், பகிர்வதற்கு முன் முகப் பகுதியை நீக்கும் வழக்கம் உண்டு. இங்கே நீக்குவார்களா என்று கேளுங்கள். மூன்று, மரபணுப் பரிசோதனை உண்டா, அந்த முடிவு காப்பீட்டைப் பாதிக்காமல் உங்கள் நாட்டில் சட்டப் பாதுகாப்பு இருக்கிறதா. நான்கு, பின்னாளில் அவருக்குப் புரிந்து முடிவெடுக்கும் நிலை இல்லாமல் போனால் அவர் சார்பில் யார் பேசுவது. இந்தக் கடைசிக் கேள்வியை அவர் தெளிவாக இருக்கும்போதே, அவர் வாயாலேயே சொல்ல வைத்து எழுதி வையுங்கள்.

6. நினைவாற்றல் சோதனை எந்த மொழியில்?

ஸ்கேனுக்கு முன்போ பின்போ இரண்டு, மூன்று மணி நேரம் கேள்வி–பதில் சோதனை நடக்கும். படத்தில் தெரிவதை இந்த மதிப்பெண்ணோடு சேர்த்துத்தான் ஆராய்வார்கள். மதிப்பெண் தவறானால் நல்ல படமும் தவறாகப் படிக்கப்படும்.

அப்பாவிடம் 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். அந்த இடத்தின் மொழி அவருக்குக் கடைக்குப் போய்வரும் அளவுக்குத் தெரியும். அவர் தலையைக் குனிந்து, உதடு மட்டும் அசைய, "தொண்ணூத்தி மூணு, எம்பத்தி ஆறு, எழுபத்தி ஒம்போது..." என்று தமிழில் முணுமுணுத்தார். வாழ்நாள் முழுக்க மில்லிமீட்டரைக் கழித்துக் கழித்தே சம்பாதித்தவர். எதிரே இருந்த பெண்ணுக்கு அது கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது. பதில் இல்லை என்று குறித்துக்கொண்டார். அறைக்குள் உட்கார எனக்கும் அனுமதியில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முறையிட்டு, தமிழ் பேசும் ஒருவரை வைத்து வேறொரு நாள் சோதனையை முழுதாக மறுபடி நடத்த வைத்தோம்.

எனவே முன்கூட்டியே தாய்மொழியில் சோதிப்பவர் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். கேள்வித்தாளை அங்கேயே வாய்மொழியாக மொழிபெயர்த்தால் போதாது, அந்த மொழியில் சரிபார்க்கப்பட்ட வடிவம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். படித்த வருடங்களைச் சரியாகச் சொல்லுங்கள். கௌரவத்துக்காக இரண்டு வருடம் கூட்டிச் சொன்னால் எதிர்பார்ப்பும் கூடி, மதிப்பெண் குறைவாகத் தெரியும். மோகா என்ற பரவலான சோதனையில் 12 வருடமோ குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் சேர்த்தே தருகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரென்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். அன்றைக்குக் கண்ணாடியும் காது மெஷினும் கட்டாயம் வேண்டும். காது கேளாமல் போனதை மறதி என்று எழுதிவிடுவார்கள்.

7. எம்.ஆர்.ஐ: உலோகக் கேள்விகளுக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள்

இதுதான் எங்களை வாசலிலிருந்து திருப்பி அனுப்பியது. போனில் ஒரு பட்டியல் வாசித்தார்கள்: பேஸ்மேக்கர் உண்டா, காதுக்குள் கருவி உண்டா, கண்ணில் எப்போதாவது இரும்புத்துகள் விழுந்ததா. எல்லாவற்றுக்கும் நானே "இல்லை, இல்லை" என்று சொல்லி முடித்துவிட்டேன். ஸ்கேன் நாளன்று டெக்னீஷியன் அதே கேள்வியை அப்பாவிடம் கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே, "இரும்புத்தூள் விழாத கண்ணு எந்த லேத்துக்காரனுக்கு இருக்கு? காந்தத்த வெச்சு நாங்களே எடுத்துக்குவோம்" என்றார். டெக்னீஷியன் கோப்பை மூடிவிட்டார்.

அவர் செய்தது சரி. பெரும்பாலான ஆய்வுகளின் எம்.ஆர்.ஐ மெஷினில் இருப்பது 3 டெஸ்லா அளவு கொண்ட மிக வலுவான காந்தம். கண்ணுக்குள் தங்கிவிட்ட சின்னத் துணுக்கு நகர்ந்தால் பார்வையே போகலாம். லேத், வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்தவர்களுக்கு முதலில் கண் பகுதியை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அது ஐந்து நிமிட வேலை. ஆனால் எங்களுக்கு அடுத்த இடம் கிடைக்க இரண்டு வாரம் ஆனது. கைவேலை செய்து பிழைத்தவர்களின் பிள்ளைகள் இந்தக் கேள்வியைப் போனிலேயே பெரியவரிடம் நேரடியாகக் கேட்க வையுங்கள்.

மற்றவை: தோடு, மூக்குத்தி, மோதிரம், கொண்டை ஊசி, கழற்றும் பல்செட் எல்லாம் வெளியே. பல வருடமாகக் கழற்றாத நகையை முந்தின நாளே சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றிப் பாருங்கள். தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைகள் சிலவற்றின் பின்பக்கம் உலோகத் தகடு உண்டு. அது சூடாகித் தோலைச் சுடும். பச்சை குத்தியிருந்தால் சொல்லுங்கள். இறுகப் பின்னிய முடியும் உயரமான கொண்டையும் தலையைச் சுற்றி மாட்டும் கூட்டுக்குள் அடங்காமல் போகலாம். தளரப் பின்னி வரச் சொல்லுங்கள்.

8. குழாய்க்குள் அசையாமல் இருப்பது

மொத்தம் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். அதில் நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸின் அளவைக் கணக்கிட உதவும் முக்கியமான படத்துக்கு ஐந்து, ஆறு நிமிடம். அந்த நேரத்தில் இருமினாலே படத்தில் அலையலையாக விழும். அப்பா அசைந்ததற்குக் காரணம் பயம் இல்லை. காலையில் நீர் பிரிவதற்கான மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்த மாத்திரையைச் சற்றுத் தள்ளிப் போடலாமா என்று முந்தின நாளே அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போகும் முன் கழிவறைக்கு அனுப்புங்கள். முழங்காலுக்குக் கீழே தலையணை கேளுங்கள். முதுகுவலிக்காரர்களுக்கு அதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சத்தம் சுத்தியல் அடிப்பது போலிருக்கும் என்று முன்பே சொல்லி வையுங்கள். (பட்டறையில் இருந்தவருக்கு அது பழகிய சத்தம், "நம்ம பவர் ஹாக்ஸா மாதிரி இருக்கு" என்றார்.) கையில் ஒரு அழுத்தும் பந்து கொடுப்பார்கள், எப்போது வேண்டுமானாலும் அழுத்தி வெளியே வரலாம் என்பதைத் தாய்மொழியில் புரிய வையுங்கள். மாதிரிக் குழாய் இருந்தால் ஒருமுறை படுக்கவைத்துப் பழக்கச் சொல்லுங்கள்.

9. பெட் ஸ்கேன்: நேரம்தான் எல்லாம்

மூளையில் அமிலாய்டு என்ற புரதமோ டாவோ படிந்திருக்கிறதா என்று பார்க்க, கதிரியக்கமுள்ள ஒரு மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். பெரும்பாலும் அதில் இருப்பது ஃபுளோரின்-18. 110 நிமிடத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். அன்று காலை உங்களுக்காகவே தயாரித்து வண்டியில் அனுப்புவார்கள். நீங்கள் ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போனால் அந்த மருந்து வீணாகிவிடக்கூடும். அரை மணி முன்பே போய் உட்காருங்கள்.

மறுபக்கமும் உண்டு. தயாரித்த மருந்து தரப் பரிசோதனையில் தேறாவிட்டால் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு அப்படித்தான் ஒரு நாள் போயிற்று. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. கிளம்புவதற்கு முன் "மருந்து தயாரா?" என்று ஒரு போன் போட்டுவிடுங்கள்.

ஊசிக்கும் படத்துக்கும் நடுவில் காத்திருப்பு மருந்துக்கு மருந்து மாறும். புளோர்பெட்டாபிர் என்றால் 30 முதல் 50 நிமிடம். டாவ் பார்க்கும் புளோர்டாசிபிர் என்றால் 80 நிமிடம். படம் 10 முதல் 20 நிமிடம்தான். போக வர மொத்தமாக அரை நாள் ஒதுக்குங்கள். மூளை சர்க்கரையைப் பயன்படுத்தும் விதத்தைப் பார்க்கும் எஃப்.டி.ஜி ஸ்கேனுக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். சர்க்கரை நோயாளிகள் அன்றைய மாத்திரை, இன்சுலின் பற்றி முன்கூட்டியே எழுத்தில் அறிவுரை வாங்கிக்கொள்ளுங்கள். பட்டினியோடு வழக்கமான இன்சுலினும் சேர்ந்தால் ஆபத்து.

கதிர்வீச்சு ஒரு அமிலாய்டு ஸ்கேனுக்கு 6, 7 மில்லிசீவர்ட் வரும். இயற்கையிலிருந்து உலக சராசரியாக வருடத்துக்கு நமக்கு வருவது 2.4. ஒரே வருடத்தில் வேறு ஸ்கேன்கள் எடுத்திருந்தால் சொல்லுங்கள். ஸ்கேன் முடிந்ததும் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். பேரக்குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சுவது மறுநாளைக்கு இருக்கட்டும். அன்றே விமானப் பயணம் இருந்தால் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்; கதிர்வீச்சு உணரும் கருவிகள் ஒலிக்கலாம்.

10. செலவு

ஆய்வுக்கான ஸ்கேனுக்கு உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கைக்காசு போவது வேறு வழிகளில்: வண்டி, கூட வருபவரின் ஒரு நாள் கூலி, தங்குமிடம். இவற்றுக்கு ஈடு உண்டா, ரசீது வேண்டுமா, எத்தனை நாளில் வரும் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். நான் ரசீது வாங்காமல் போன இரண்டு பயணங்களுக்குப் பணம் வரவில்லை. இதைவிடப் பெரிய கேள்வி, ஸ்கேனில் எதிர்பாராமல் கட்டியோ ரத்தக்குழாய் வீக்கமோ தெரிந்தால் மேற்கொண்டு பரிசோதனைக்கு யார் பணம் தருவது என்பது. பெரும்பாலும் குடும்பம்தான். அதற்கு மனதளவிலும் தயாராக இருங்கள்.

11. வரும் கடிதத்தைச் சரியாகப் படியுங்கள்

ஆறு வாரம் கழித்து எங்களுக்கு ஒரு பக்கக் கடிதம் வந்தது: உடனடி மருத்துவ கவனம் தேவைப்படும் எதுவும் காணப்படவில்லை. அண்ணன் அதைப் படித்துவிட்டு "அப்பாவுக்கு ஒண்ணுமில்லையாம்" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். அந்த வரியின் அர்த்தம் அதுவல்ல. அவசரமாகப் பார்க்க வேண்டிய கட்டி, ரத்தக்கசிவு போன்றவை இல்லை என்பது மட்டுமே. அல்சைமர் உண்டா இல்லையா என்று அந்தக் கடிதம் எதுவும் சொல்லவில்லை.

அமிலாய்டு முடிவைச் சொல்லும் ஆய்வாக இருந்தால், தெரிந்துகொள்ள வேண்டுமா என்று பெரியவரிடமே கேளுங்கள். எழுபது வயதில் நினைவாற்றல் நன்றாக இருப்பவர்களிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அமிலாய்டு படிந்திருக்கும். அவர்கள் எல்லோருக்கும் மறதிநோய் வந்துவிடுவதில்லை. அமிலாய்டு இல்லை (நெகட்டிவ்) என்று வந்தாலும் எல்லாம் முடிந்துவிடாது. அமெரிக்காவில் நடந்த ஐடியாஸ் என்ற பெரிய ஆய்வில், நினைவாற்றல் குறைந்திருந்த ஆசிய, கறுப்பின, லத்தீன் மக்களிடம் அமிலாய்டு பாசிட்டிவ் வெள்ளையர்களைவிடக் குறைவாகவே தெரிந்தது. மறதிக்கு வேறு காரணங்களும் உண்டு. மூளையின் சிறு ரத்தக்குழாய்கள் கெடுவது அவற்றில் ஒன்று. அப்படிப்பட்டவருக்கு ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது பெரிய வேலை. முடிவைச் சொல்லும் நாளில் அம்மாவோ அப்பாவோ தனியாகப் போக வேண்டாம்.

12. அன்றிரவே எழுதி வையுங்கள்

இரண்டு வருடம் கழித்து மறுபடி கூப்பிடுவார்கள். அப்போது ஆட்கள் மாறியிருப்பார்கள், எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்பார்கள். வீடு மாறினால், போன் எண் மாறினால் நாமே சொல்ல வேண்டும். பலர் ஆய்விலிருந்து காணாமல் போவது இப்படித்தான். எங்கள் கோப்பின் முதல் தாள் அம்மாவின் கையெழுத்தில் இருக்கிறது: "கண் எக்ஸ்ரே எடுத்தாச்சு, சி.டி. பின்னாடி உறையில். ஊசிக்கு இடது கை நல்லது. முழங்காலுக்குத் தலையணை. தமிழ்ல பேசுற ஆள் வேணும்னு ஒரு மாசம் முன்னாடியே சொல்லணும்."